செவ்வாய்க்கிழமைக் குமிழிகள்

நாட்குறிப்பு எழுதத் தொடங்கும் நேரத்தைப் பக்கத்தின் இடது ஓரத்திலும், எழுதி முடிக்கும் நேரத்தை வலது ஓரத்திலும் குறித்து வைப்பது என் பழக்கம். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று பகல் முழுவதும் எழுதுகிறவனுக்கு, பின்னேரம் வீட்டுக்கு வந்தும் அந்தக் கை நிற்கவில்லை. அவ்வளவுதான்.

யுத்த காலத்தில் கொழும்பில் இருக்கும் தமிழன் நாட்குறிப்பு எழுதுவது கூடாத வேலை என்று என் மனைவி சொல்வாள். அவள் யாழ்ப்பாணம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். கலியாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு வந்தேன். ஆனபடியால் அவளுக்கு இருந்த பயம் எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஆனாலும் ஒரு விதியை நானும் கடைப்பிடித்தேன்: குறிப்பேடு வீட்டை விட்டு வெளியே போவதில்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும்போது உள்ளே சோற்றுப் பார்சலும் குடையும் மட்டும் இருந்தால் நல்லது.

நான் சொல்லப்போகும் சம்பவம் தொண்ணூறுகளில் நடந்தது. ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். திகதியில் கறாரான மனிதன் ஆண்டை மறைப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் அப்போது இருந்தவர்களில் சிலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்.

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓடும் ஓர் ஒழுங்கையில், பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடி. பலகைத் தரை. நீளமான ஒரு மண்டபத்தை வீட்டுக்காரர் நடுவில் பலகைத் தட்டி அடித்து இரண்டாக்கியிருந்தார். முன்பக்கம் எங்களுக்கு. பின்பக்க அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுக்கொள்ளும்படி எங்களிடமே தந்திருந்தார். பின்னால் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். தட்டிக்கு இந்தப் பக்கம், தட்டியோடு ஒட்டினாற்போல, என் மேசை.

அந்த ஆண்டு தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமையில் பின்னறைக்கு ஒருவர் வந்தார். முப்பது வயதை ஒட்டிய பெண். மனைவிக்குத் தூரத்துச் சொந்தம், அவரும் யாழ்ப்பாணம். பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியலில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் படித்த இடம் அந்த மாதங்களில் மூடிக் கிடந்தது, ஆய்வுகூடத்துக்குப் பூட்டு. அதனால் ஆய்வுக் கருவியைக் கழற்றி, முச்சக்கர வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

தமிழ் ஆட்களை வீட்டில் தங்க வைத்தால் பொலிஸில் பதிய வேண்டும். நானும் அவரும் படிவத்தோடு போனோம். "கொழும்பில் தங்குவதற்கான காரணம்" என்ற இடத்தில் அவர் "ஆய்வு" என்று எழுதியிருந்தார். சார்ஜன்டுக்கு அது போதவில்லை. என்ன ஆய்வு என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் மாணவிக்குச் சிங்களம் குறைவு. நான்தான் சொன்னேன்:

"புபுளு, மாத்தயா."

"புபுளு?" சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்தார். "லமயிண்டத?" குழந்தைகளுக்கா என்று கேட்கிறார்.

"நே, மாத்தயா. யுனிவர்சிட்டி எகட்ட." இல்லை, பல்கலைக்கழகத்துக்கு என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் மாணவி கேட்டார்: "அண்ணை, புபுளு எண்டால் என்ன?"

"குமிழி."

"நாலு வருசப் படிப்பை ஒரு சொல்லில முடிச்சுப் போட்டியள்."

உண்மையில் அது குமிழிதான். கருவி என்பது என் நெஞ்சளவு உயரமான, கைமுட்டிப் பருமனுள்ள ஒரு பேர்ஸ்பெக்ஸ் குழாய், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதில் நீர் நிரப்பி, அடியில் நுண் துளைகள் இட்ட ஒரு தட்டு வழியாக, மீன் தொட்டிக்கு வைக்கும் பம்பியால் காற்றை விடுவார். குமிழிகள் மேலே ஏறும். ஏறும்போது காற்றிலுள்ள ஒட்சிசனில் கொஞ்சம் நீருக்குள் போகும். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் கேள்வி. கழிவுநீரைச் சுத்தம் செய்கிறவர்களுக்கும் மருந்து தயாரிக்கிறவர்களுக்கும் அது முக்கியமாம். முதலில் ஒரு உப்பைப் போட்டு நீரில் இருக்கும் ஒட்சிசனை இல்லாமல் செய்வார். பிறகு காற்றைத் திறந்து, நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தி, பதினைந்து செக்கனுக்கு ஒரு முறை ஒட்சிசன் மானியின் முள்ளைப் பார்த்து எழுதுவார். அதைக் கட்டத்தாளில் குறித்தால் ஒரு வளைகோடு வரும்: முதலில் விறுவிறுவென்று ஏறி, பிறகு களைத்ததுபோலப் படுத்துவிடும்.

அவருடைய ஆய்வு, குழாயை ஆட்டினால் என்ன நடக்கும் என்பது. குழாயின் அடியை ஒரு இறப்பர்த் தகட்டால் மூடியிருந்தார். அது வெந்நீர்ப் பை ஒன்றிலிருந்து வெட்டியது. அந்தத் தகட்டை மேலும் கீழும் ஆட்ட ஒரு சிறு மோட்டார் தேவைப்பட்டது. கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், இருந்தது பூட்டுக்குள். மனைவி தன் தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தாள். "சட்டை தைக்கிறதைக் காலால மிதிச்சுச் செய்யிறன். நீங்கள் உங்கட குமிழியைத் தையுங்கோ."

முதன்முறை அதை ஓட்டிய பின்னேரம் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மோட்டார் நிற்கும்போது குமிழிகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி நேரே மேலே ஓடின. மோட்டாரைப் போட்டார். முதலில் குமிழிகள் தயங்கின. பெரியவை நெளிந்து, நடுவில் ஒடுங்கி, இரண்டாகப் பிரிந்தன. வேகத்தைக் கூட்டினார். ஒரு கட்டத்தில் குழாயின் நடுவில் சில குமிழிகள் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் அப்படியே நின்று நடுங்கின. மனைவி குனிந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றாள்.

"ஏன் பிள்ளை மேல போகுதில்லை?"

"ஆட்டம் பிடிச்சு வைச்சிருக்கு, அக்கா. கனநேரம் தண்ணிக்குள்ள நிண்டால் கனக்க ஒட்சிசன் குடுக்கும். அதோட, ஒரு பெரிய குமிழியை நூறாய் உடைச்சால் காற்று அதேயளவுதான், ஆனால் தோல் கனக்க. தோலுக்குள்ளாலதானே காற்றுத் தண்ணிக்குள்ள போகோணும்."

"அப்ப ஆட்டுறது நல்லது."

"எவ்வளவு நல்லது எண்டு சொல்லத்தான் இவ்வளவு பாடும்."

எவ்வளவு நல்லது என்று சொல்ல வேண்டுமானால், ஆட்டாத நீரில் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அந்த அளவீடு உறுதியாக இருந்தால்தான் மற்றதை அதனோடு ஒப்பிடலாம். ஆட்டிய நீரின் அளவீடுகளை அவர் கம்பஸ் மூடுவதற்கு முன்பே பெரும்பாலும் முடித்திருந்தார். மிச்சம் இருந்தது இலகுவான பாகம்: ஒன்றும் செய்யாமல், அசையாமல் நிற்கும் நீர். அது இரண்டு கிழமை வேலை என்றார்.

ஆறு கிழமை போயிற்று.

சனி ஞாயிறில் அவர் நுகேகொடைப் பக்கம் ரியூஷன் வகுப்பு எடுக்கப் போவார். வார நாட்களில் பகலிலும் வகுப்பு. அளப்பது வார நாட்களில் பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டரை வரை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. அந்தத் தடவைகளில் சிலவற்றில் வளைகோடு அழகாக ஏறிப் படுக்கும். சிலவற்றில் நடுவழியில் ஒரு முறிவு. யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல முள் சட்டென்று விரைந்து ஏறும். ஏதோ ஒன்று நீரை ஆட்டுகிறது. ஆனால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே குமிழிகள் ஓயாமல் உடைந்துகொண்டிருக்கும் நீரில் நுண்ணிய நடுக்கம் கண்ணுக்குப் படாது. அவருடைய கண்ணோ முள்ளிலும் கடிகாரத்திலும்.

நல்ல கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசலாமே என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "காரணம் தெரியாமல் எறிஞ்சால் அது களவு, அண்ணை."

காலமும் இருக்கவில்லை. ஒட்சிசன் மானி இன்னொரு இடத்திலிருந்து இரவல் வாங்கியது. பங்குனி முதல் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் சனிக்கிழமை அவருடைய மேற்பார்வையாளர் ஒரு வருடத்துக்கு வெளிநாடு போகிறார். ஆய்வுப் பதிவை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டியாயிற்று. மூன்றாம் முறை இல்லை. அந்த வெள்ளிக்குள் அசையாத நீரின் அளவீட்டைக் கொடுக்காவிட்டால் நாலு வருடமும் போச்சு. காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அவர் மேற்பார்வையாளரோடு பேசிவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து சொன்னார்: "உம்முடைய அசையாத நீர் ஏன் அசையுது எண்டு கேக்கிறார்."

நாங்கள் குற்றவாளியைத் தேடத் தொடங்கினோம். நாங்கள் என்றால் முக்கியமாக நான். இப்படி ஒரு வேலைக்குப் பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பின்னேரமும் மேசையில் உட்கார்ந்து சந்தேகங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவேன். முதல் சந்தேகம் மின்சாரம்: பின்னேரம் ஊர் முழுவதும் விளக்குப் போட, அழுத்தம் இறங்கி, பம்பி தடுமாறுகிறது. பம்பியை பற்றரியில் ஓட்டினோம். முறிவு போகவில்லை. இரண்டாவது மனைவியின் உரல். அவள் மிளகாய் இடிப்பதை நிறுத்தினாள். பிறகு மா இடிப்பதை நிறுத்தினாள். பிறகு குதி நிலத்தில் படாமல் நடக்கச் சொன்னபோது வெடித்தாள்.

"மூச்சு விடலாமோ, அதையும் கேட்டுச் சொல்லுங்கோ. அதுவும் காற்றுத்தானே!"

மூன்றாவது புகையிரதம். அதை அவர் முன்பே யோசித்து, முன்பே கைவிட்டிருந்தார். நிலையத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை அப்படியே பிரதி பண்ணி வந்து தன் அளவீடுகளோடு ஒப்பிட்டிருக்கிறார், ஒன்றும் பொருந்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தங்கச்சி, அந்த அட்டவணையைக் கோச்சி வாசிக்கிறேல்ல."

அவர் சிரிக்கவில்லை. "எங்கட ஊரில கோச்சி ஓடி எத்தினை வருசம், அண்ணை. தண்டவாளத்தையே கழட்டிப் பங்கருக்குப் போட்டாச்சு. எழுதின நேரத்துக்கு வருமாக்கும் எண்டு நினைச்சன்."

அதன் பிறகு ஒரு கிழமை, கோச்சி உண்மையில் போன நேரங்களை நான் குறித்தேன். தாளைப் பார்த்த மனைவி அதைப் பறித்தெடுத்தாள்.

"கோச்சி எத்தினை மணிக்குப் போகுதெண்டு எழுதி வைச்சிருக்கிற தமிழன்! செக்கிங்குக்கு வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்? புபுளு எண்டோ?"

அது நியாயம். பின்னறையில் அவருடைய தாளோடு ஒருமுறை அவசரமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கிழித்து, நனைத்து, கக்கூஸ் குழியில் ஊற்றினோம். பொருந்தவும் இல்லை. கோச்சி போகும்போது சிலசமயம் முள் சிறிது துடித்தது, அவ்வளவுதான். முறிவுகள் கோச்சி இல்லாத நேரத்திலும் வந்தன.

அந்த ஒப்பீட்டின்போதுதான் நான் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்தேன். ஆறு கிழமையிலும் செவ்வாய்க்கிழமைக் கோடுகளில் ஒன்றுகூட முறியவில்லை. இதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மார்பு விரிந்தது. பொறியியலாளர் காணாததை எழுதுவினைஞன் கண்டுவிட்டான்.

"செவ்வாய் அம்மாளுக்கு உகந்த நாள்," என்றாள் மனைவி.

"அது வளைகோட்டுக்குத் தெரியுமோ, அக்கா?"

செவ்வாயில் என்ன விசேடம் என்று ஞாயிறு பின்னேரம் முழுவதும் ஆராய்ந்தேன். கீழே இருந்த மரக்கடையா? அடுத்த ஒழுங்கையில் கட்டட வேலையா? கடலின் வற்றுப்பெருக்கா? அவர் வகுப்பிலிருந்து வந்து, தட்டிக்கு அந்தப் பக்கம், வழமைக்கு மாறாக ஞாயிறிலும் குழாயில் நீர் நிரப்பிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மனைவி என் பின்னால் கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எல்லா நாளும் நடக்கிற எதோ ஒண்டு செவ்வாயில மட்டும் நடக்கிறேல்ல," என்றேன். "அது என்ன எண்டு தெரிஞ்சால் சரி."

"செவ்வாயில நீங்கள் வீட்டில இல்லை," என்றாள் மனைவி.

ஒவ்வொரு செவ்வாயும் அலுவலகம் விட்டதும் நான் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அங்கே கத்தோலிக்கக் கோவிலில் நவநாள் செபம். என் தாய் காலத்திலிருந்து விடாத வழக்கம். முடிந்து தங்கை வீட்டில் தேத்தண்ணி குடித்து வர ஒன்பது மணியாகும். செவ்வாய்க் குறிப்பை அதற்குப் பிறகுதான் எழுதுவேன்.

"நான் இல்லாட்டி என்ன? நான் சத்தம் போடுறனானோ? மேசையில இருந்து எழுதுறன், அவ்வளவுதானே."

"காலைப் பாருங்கோ."

பார்த்தேன். வலது முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. குதி உயர்ந்து தரையில் படாமல் நிற்க, முழங்கால் மேசைக்காலில் உரசி உரசி, மேசை தட்டியில் தொட்டு, எல்லாமே ஒரு தாளத்தில் நடுங்கின. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் வட்டம் வட்டமாகச் சுருக்கம்.

"கால் ஆட்டாதேங்கோ, வீட்டுக்குக் கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கொப்பியில குறிக்கேல்லையோ அதை?"

தட்டிக்கு அந்தப் பக்கம் நீர் நிரப்பும் சத்தம் நின்றது. அவர் வாசலுக்கு வந்தார். என் காலையும் மேசையையும் தட்டியையும் பார்த்தார். குழாயின் பிடி, தட்டியின் அதே மரச்சட்டத்தில்தான் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது.

"அண்ணை, அப்படியே இருந்து எழுதுங்கோ," என்றார். "நான் சொல்லேக்க நிப்பாட்டுங்கோ. சொல்லேக்கத் தொடங்குங்கோ."

எழுதினேன். "நிப்பாட்டுங்கோ." பேனையை எடுத்தேன். "எழுதுங்கோ." எழுதினேன். அப்படி நாலு முறை. பிறகு சத்தமே இல்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் தரையில் இருந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். தாளில் கோடு படிக்கட்டு மாதிரி இருந்தது.

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும் என்று விளக்கினார். நீர் நிறைந்த அந்த உயரமான குழாய்க்குத் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டாம். என் காலின் ஆட்டமும் அதுவும் ஒத்துப்போய்விட்டன. ஆறு கிழமையாக நான் ஒரு சந்தேகத்தை எழுத உட்காரும்போதெல்லாம், எழுத உட்கார்ந்ததாலேயே, தட்டிக்கு அப்பால் குமிழிகள் தயங்கி, உடைந்து, அதிக காற்றைக் கொடுத்திருக்கின்றன.

மன்னிப்புக் கேட்டேன். "கால் ஆடாமல் எழுதிப் பாக்கிறன்," என்றேன். இரண்டு கையாலும் முழங்காலை அமர்த்தினால் பேனை பிடிக்கக் கையில்லை. ஒரு கையால் அமர்த்தினால் மற்றக் கால் ஆடியது. கடைசியில் தீர்ப்பு மனைவியுடையது. நிற்கிற மனிதனுக்குக் கால் ஆடாது. திங்களும் புதனும் ஆறரையிலிருந்து எட்டரை வரை நான் குசினியில் நின்று கீரை ஆய்ந்தேன், அரிசியில் கல் பொறுக்கினேன். செவ்வாய் கொட்டாஞ்சேனை. மூன்று பின்னேரம், ஒன்பது கோடு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரே கோடு மாதிரித் தெரிந்தது.

அது போதும் என்று நினைத்தோம். வியாழன் மத்தியானம் அவர் மறுபடி தொலைபேசிக் கடைக்குப் போய் வந்தார். மூன்று நாள் அளவீட்டுக்காக ஆறு கிழமை அளவீட்டைத் தள்ளுவதானால் கெட்டுப்போன ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஒன்று விளங்காமல் நின்றாலும் தான் கையெழுத்து வைக்கப் போவதில்லை.

"உங்கட கொப்பியில நேரம் இருக்குத்தானே, அண்ணை."

இருந்தது. ஆனால் நான் அதை யாருக்கும் காட்டியதில்லை. எந்த வீட்டில் எந்த நாள் சோதனை நடந்தது, யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஓர் ஒழுங்கு சொன்னேன்: அவர் தன் தாளிலிருந்து திகதியையும் முறிவு தொடங்கிய நேரத்தையும் வாசிக்கட்டும், நான் என் குறிப்பேட்டிலிருந்து ஓரத்து நேரங்களை மட்டும் வாசிக்கிறேன்.

வியாழன் பின்னேரம் என் மேசையில் விரித்து வைத்துத் தொடங்கினோம். மனைவி தையல் மெஷினில் இருந்தாள். மோட்டார் திரும்பி வந்துவிட்டது.

"ஏழு பதினொண்டு."

"ஏழு பத்துக்குத் தொடங்கினனான். ஏழு இருபத்தைந்து வரை."

"ஆறு ஐம்பத்திரண்டு."

"ஆறு ஐம்பத்தொண்டு."

கெட்டுப்போன கோடுகள் பதினெட்டு. பதினெட்டும் என் எழுத்துக்குள் விழுந்தன. பெரும்பாலும், இடது ஓரத்தில் நான் நேரம் குறித்த ஒரு நிமிடத்துக்குள் அங்கே முள் துள்ளியிருக்கிறது. என் வாழ்க்கையில் என் குறிப்பேடு பயன்பட்ட ஒரே நாள் அது. சந்தோசத்தில் கால் ஆடத் தொடங்கியது, அடக்கினேன்.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு தாளைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது மட்டும் ஒரு மாதிரி. நேரம் சரி. ஆறு நாற்பத்தொண்டு. ஆனால் மற்றதெல்லாம் சின்ன முறிவு. இது அதின்ர ரெண்டு மடங்கு. அதோட மற்றது கால் மணித்தியாலம், இருபது நிமிசம். அண்டைக்கு எடுத்த மூண்டு கோட்டில ரெண்டு கெட்டுக் கிடக்கு. இது உங்கட கால்தானோ, இல்லாட்டி வேற ஏதுமோ எண்டு அவர் கேப்பார். வேற ஏதும் எண்டால் எல்லாத்தையும் சந்தேகப்படுவார்."

திகதியைச் சொன்னார். மாசி மாதத்தில் ஒரு வியாழன். பக்கத்தைப் புரட்டினேன். இடது ஓரம் 6.40. வலது ஓரம் 7.30. நடுவில் இருந்ததை அவர் தலைகீழாகவே வாசித்துவிட்டார்.

"'அலுவலகத்தில் மேலதிக வேலை. தாமதமாக வந்தேன்.' ரெண்டு வரி எழுத ஐம்பது நிமிசமோ, அண்ணை?"

தையல் மெஷின் நின்றது.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. அன்று கீழே யாரோ எதையோ உருட்டினார்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் அதை நம்பி எழுதுவார். நாளைக்கு அந்த எழுத்தின்மேல் ஒரு கையெழுத்து விழும். காரணம் தெரியாமல் எறிந்தால் களவு என்று சொன்னவர் அவர். பொய்க் காரணம் சொல்லி எறிந்தால் என்னவென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அண்டைக்கு நான் கந்தோருக்கு வேலைக்கே போகேல்ல," என்றேன்.

காலையில் கோட்டை நிலையத்துக்கு வெளியே அடையாள அட்டை பார்த்தார்கள். பிறந்த இடம் கொட்டாஞ்சேனை, விலாசம் வெள்ளவத்தை. ஏன் மாறினாய் என்று கேட்டார்கள். கலியாணம் கட்டினேன் என்றேன். பெண் எந்த ஊர் என்றார்கள். சொன்னேன். லொறியில் ஏறச் சொன்னார்கள். ஒரு பொலிஸ் நிலையத்தின் பின்மண்டபத்தில் முப்பது பேர் வரை தரையில் இருந்தோம். இடுப்புப் பட்டியையும் சப்பாத்து நாடாவையும் கழற்றி ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். ஒருவரும் எனக்கு அடிக்கவில்லை. ஒருவரும் என்னோடு கதைக்கவுமில்லை. பக்கத்தில் இருந்தவர் மலையகத்தில் ஹற்றன் பக்கத்தைச் சேர்ந்தவர், கடையில் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டு, போகச் சொன்னார்கள். அதுவரை அவர் வெளியே வரவில்லை. கூடையில் கையை விட்டுக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஓவர்டைம் என்றேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, நேரத்தைக் குறித்து, ஐம்பது நிமிடம் எழுதாமல் இருந்து, இரண்டு வரி எழுதினேன்.

சொல்லி முடித்தபோது மனைவி என்னைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "கறுப்புச் சப்பாத்தில ஒண்டுக்கு மண்ணிற நாடா. ஓவர்டைமுக்குக் குடுத்தவையோ?"

"ஏன் கேக்கேல்ல?"

"நீங்கள் சொல்லேல்ல."

அந்த மாசி வியாழனுக்கு அடுத்த நாள் காலையில் என் சப்பாத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு நாடா இருந்தது எனக்கு நினைவு வந்தது. நானே சரியாக எடுத்து வந்திருக்கிறேன் என்று அப்போது நினைத்தேன். இத்தனை நுணுக்கமாக நாளை எழுதுகிறவன் அதைக் கவனித்து எழுதவில்லை.

"மண்ணிற நாடாவைக் கழட்டி மெஷின் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறன்," என்றாள். "ஆரோ ஒராளின்ர சாமான். எறிய மனம் வரேல்ல."

தட்டிக்கு அப்பால் போய் அவர் தன் கட்டத்தாளில் எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்டேன். காட்டினார். 'வீட்டிலுள்ள ஒருவரின் கால் அசைவு. அன்று வழமையை விட அதிகம். நேரில் உறுதிப்படுத்தப்பட்டது.' அதற்கு மேல் ஒன்றுமில்லை. அது போதுமா என்றேன். "இயற்பியலுக்குக் காணும், அண்ணை," என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் மானியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். சாவடியில் அதைத் திறந்து பார்த்து, மீன் தொட்டிக்கா என்று கேட்டார்களாம். ஓம் என்றாராம். மேற்பார்வையாளர் பதினெட்டு தாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிய முறிவில் நின்றார். உறுதிப்படுத்தியவர் நம்பத்தக்கவரா என்று கேட்டார். "நேரத்தில பிழை விடாதவர்" என்று இவர் சொன்னார். கையெழுத்து விழுந்தது.

அந்த ஆண்டு ஆவணியில் அவர் எங்கள் வீட்டை விட்டுப் போனார். இப்போது குளிரான ஒரு நாட்டில், கழிவுநீரில் குமிழி விடும் வேலை. ஆய்வேட்டின் பிரதியொன்று அனுப்பியிருந்தார். கணக்குகள் எனக்கு விளங்காது. பின்னிணைப்பில் அந்தப் பதினெட்டு நேரங்கள் மட்டும் விளங்கும்.

மாசிமாத வியாழனின் கோட்டை, போகும் முன்பே, இரண்டாம் பிரதி எடுத்துத் தந்திருந்தார். மானியைத் திருப்பிக் கொடுத்த அந்த வெள்ளி பின்னேரமே அதை அந்த நாளின் பக்கத்தில் ஒட்டினேன். கீழே, ஏற்கெனவே இருந்த இரண்டு வரியை வெட்டாமல், நடந்ததை எழுதினேன்: நிலையம், லொறி, கூடை, ஹற்றன்காரர், நாடா. இடது ஓரம் 7.05. வலது ஓரம் 8.20. மனைவி வந்து பின்னால் நின்று வாசித்துவிட்டுப் போனாள். அன்று என் கால் ஆடியதா என்று தெரியாது. அளக்கிற கருவியைத்தான் திருப்பிக் கொடுத்துவிட்டோமே.